நாற்பது வரி ஜாவா, மூன்று நாள் வயிற்றெரிச்சல்

நாற்பது வரி ஜாவா புரோகிராம் எழுத எனக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. அதை சர்வரில் ஏற்றத் தேவையான நாலு கோப்புகளை உண்டாக்க மூன்று நாள் போய்விட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் சொன்னால், "கம்ப்யூட்டர்தானே, தட்டினா வந்துடாதா?" என்கிறார்கள். தட்டினேனே! மூன்று நாளாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்!

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரி. விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடை, ஈரத்துக்காகக் கழிக்கிற எடை எல்லாம் எடை போடும் இடத்திலிருந்து நேராகக் கணக்கு மென்பொருளுக்குப் போக வேண்டும். அந்த மென்பொருளோ பழைய ஆசாமி, சோப் தவிர வேறு பாஷை தெரியாது. (குளிக்கிற சோப் இல்லை. மென்பொருள்கள் ஒன்றோடொன்று எக்ஸ்எம்எல்லில் பேசிக்கொள்ளும் ஒரு பழைய முறை.) சரி, ஜாவாவில் ஒரு வெப் சர்வீஸ் (வேறு மென்பொருள்கள் நெட்வொர்க் வழியாகக் கூப்பிடுகிற புரோகிராம்) எழுதிவிட்டு, அதற்கு வேண்டிய கோப்புகளைப் போடும் டபிள்யூஎஸ்ஜென் கமாண்டை ஓட்டினால், மிச்சத்தை அதுவே போட்டுத் தந்துவிடும் என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஓட்டினேன். அப்படி ஒரு கமாண்டே இல்லை என்றது. ஜாவா 6 காலத்திலிருந்து கூடவே வந்துகொண்டிருந்த சாமான் அது. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல் தூக்கிவிட்டார்கள். வேண்டுமென்றால் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டுமாம். எங்கே இறக்குவது? அன்றைக்குப் பார்த்து மழையில் ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்து கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் டவரும் செத்தது. லேப்டாப்பை ஜெர்கினுக்குள் திணித்துக்கொண்டு, பனிமூட்டத்தில் ஸ்கூட்டரை உருட்டாத குறையாக ஓட்டி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்து இறக்கினேன். அங்கே தின்ற வர்க்கி ஒன்றுதான் அந்த மூன்று நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம்.

மறுபடி ஓட்டினேன். "கிளாஸ் நாட் ஃபவுண்ட்." அடேய், கிளாஸ் என்றால் நான் எழுதிய புரோகிராம்தானே, கண்ணெதிரே இருக்கிறதே! அந்த ஒரு வரியோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. கீழேயே தன்னுடைய எல்லா ஆப்ஷன்களையும் வரிசையாக ஒப்பிக்கிறது. வீட்டு நம்பர் கேட்டவனுக்கு ஊர்ப் புராணம் படிக்கிற மாதிரி. உண்மையான தப்பு திரைக்கு மேலே ஓடிப்போய்விடுகிறது. கம்பைல் ஆன கிளாஸ் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சிபி, அதாவது கிளாஸ்பாத், ஆப்ஷனில் சொல்ல வேண்டும், பெயரைப் பேக்கேஜோடு முழுசாகப் புள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. "நான் இந்த இடத்தில் தேடினேன், இல்லை" என்று சொன்னால் வாயா வலிக்கும்?

அடுத்தது, "டைரக்டரி நாட் ஃபவுண்ட்." கோப்புகளை வைக்கும் ஃபோல்டரை முன்கூட்டியே நாமே உண்டாக்கி வைத்திருக்க வேண்டுமாம். கோப்பு போடத் தெரிந்த ஐயாவுக்கு ஃபோல்டர் போடத் தெரியாது!

ஒருவழியாக டபிள்யூஎஸ்டிஎல் கோப்பு வந்தது. சர்வீஸ் எந்த அட்ரஸில் இருக்கிறது, அதை எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லும் கோப்பு. இரண்டாம் நாள் ராத்திரி மணி இரண்டு. விரல் விறைத்த குளிரில் திறந்துகூடப் பார்க்காமல் ஃபேக்டரிக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் அங்கே கணக்கு பார்க்கும் அண்ணா போன்.

"தம்பி, அட்ரஸ் இருக்க வேண்டிய இடத்துல 'ரீப்ளேஸ் வித் ஆக்சுவல் யுஆர்எல்'னு பெரிய எழுத்துல இருக்கே, அதுதான் அட்ரஸா?"

மானம் போயிற்று. எந்த சர்வரில் ஏறப்போகிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது, வாஸ்தவம். அப்படியானால் முடிக்கும்போது "இந்த வரியை நீ மாற்ற வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லலாமே! இல்லாததற்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பேசுகிற வாய், இதற்கு மட்டும் கப்சிப்.

சரி, டாம்கேட்டில் (ஜாவா புரோகிராமை ஓட்டும் சர்வர்) ஏற்றினால் சரியான அட்ரஸோடு டபிள்யூஎஸ்டிஎல் தானாகக் கிடைக்குமே என்று ஏற்றினேன். சன்-ஜாக்ஸ்டபிள்யூஎஸ் எக்ஸ்எம்எல் கோப்பைக் காணோம் என்று விழுந்தது. உள்ளதிலேயே முக்கியமான கோப்பு அது. எந்த முகவரிக்கு எந்த கிளாஸ் என்று சொல்வதே அதுதான். அதை டபிள்யூஎஸ்ஜென் உண்டாக்கவே உண்டாக்காது! கையால் எழுத வேண்டும். வெப் எக்ஸ்எம்எல் என்று டாம்கேட் படிக்கிற இன்னொரு கோப்பில், சர்வீஸைக் கிளப்பும் லிசனர், வரும் அழைப்பை வாங்கும் சர்வ்லெட் இரண்டையும் கையால் சேர்க்க வேண்டும். ஜாவாவை உண்டாக்கிய சன் கம்பெனியை ஆரக்கிள் 2010-இல் வாங்கியே போட்டது, இந்தக் கோப்பின் பெயரில் மட்டும் சன் இன்னும் அஸ்தமிக்கவில்லை.

எல்லாம் எழுதி முடித்த மூன்றாம் நாள் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஒரு காரியம் செய்தேன். டபிள்யூஎஸ்ஜென் போட்டுத் தந்த கிளாஸ்கள் இருந்த ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டு, அது தெரியாமலே சர்வரை ஓட்டிவிட்டேன்.

ஓடியது. ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சர்வர் எழுதிவைக்கும் லாகைத் திறந்து பார்த்தால், தேவையான ராப்பர் கிளாஸ்களை (டபிள்யூஎஸ்ஜென் போட்டுத் தந்த அதே சமாசாரம்) ஓடும்போதே தானே உண்டாக்கிக்கொண்டிருப்பதாக நிதானமாக ஒரு வரி. அப்படியென்றால் பேக்கரி வரை போய் இறக்கியது? ஃபோல்டர்? கிளாஸ்பாத்? அந்த அண்ணாவிடம் நான் அசடு வழிந்தது?

கரண்ட் மறுபடி போய்விட்டது. பேட்டரி ஒன்பது சதவீதம். இதை இத்தோடு போஸ்ட் செய்கிறேன்.