தமிழே தட்டச்சாகாத கணினிக்கு இருபது மென்பொருள் எதற்கு?

"லினக்ஸுக்கு மாறியவர்கள் உடனே நிறுவ வேண்டிய இருபது மென்பொருள்கள்." விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம்தான் லினக்ஸ். அதைப் பற்றி வரும் இந்தத் தலைப்பைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. இருபது, இருபத்தைந்து, ஐம்பது என்று எண்ணிக்கைதான் மாறுகிறது. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். விஎல்சி, கிம்ப், தண்டர்பேர்ட், ஆடாசிட்டி, ஓபிஎஸ், பிளெண்டர், ஸ்டீம். கூடவே கணினியின் விவரங்களை வண்ண வண்ணமாகத் திரையில் காட்டும் நியோஃபெட்ச். அந்த நியோஃபெட்ச் திட்டம் 2024 ஏப்ரலிலேயே மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் "தவறாமல் நிறுவுங்கள்" என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஆவணங்கள் எழுதுவதற்கான அபாச்சி ஓபன் ஆபீஸைப் பரிந்துரைக்கும் பட்டியல்கள் இன்னமும் உண்டு. அதன் கடைசிப் பெரிய வெளியீடு 2014இல் வந்தது. அதன் முன்னோடியிலிருந்து 2010இலேயே பிரிந்து வந்த லிப்ரே ஆபீஸ் எவ்வளவோ தூரம் போய்விட்டது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படியெடுத்து, அதை மூன்றாமவர் படியெடுத்து, யாருமே ஒரு முறையாவது நிறுவிப் பார்க்காமல் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறார்கள்.

இவர்கள் யாருக்காக எழுதுகிறார்கள்? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், சில விதிவிலக்குகள் தவிர இன்டெலின் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள், எறிந்தால் வேறு வாங்க வசதியில்லாதவர்கள் லினக்ஸின் வகைகளான மின்ட்டையோ உபுண்டுவையோ தேடி வருகிறார்கள். எங்கள் பகுதியில் வருகிறவர்களைச் சொல்கிறேன்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டிருக்கும் ஆவண எழுத்தர், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர், மளிகைக் கடை வைத்திருப்பவர். இவர்களில் யாருக்கு ஐயா முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் வேண்டும்?

இவர்களுக்கு முதல் தேவை தமிழில் தட்டச்சு. அது எந்தப் பட்டியலிலும் இல்லை. இருபதில் இல்லை, ஐம்பதிலும் இல்லை. தமிழிலேயே எழுதப்பட்ட பட்டியல்களிலும் இல்லாததைப் பார்த்தபோதுதான் என் பொறுமை போயிற்று. தமிழில் உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறவருக்கு, படிப்பவரும் தமிழில் எழுத விரும்புவார் என்று தோன்றவே இல்லையா? விண்டோஸில் என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை என்று பழகியவர் புதிய கணினியைத் திறந்ததும் தேடும் முதல் பொருள் அதுதானே!

அந்தத் தமிழாசிரியர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, தமிழ் 99 என்று போட்டிருக்கிறதே, அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். ககரத்தை இரண்டு முறை அடித்தால் புள்ளி வர மாட்டேன் என்கிறது. நான் பழகிய விசைப்பலகை இது இல்லையே?" அவர் மேல் என்ன தவறு? உபுண்டுவின் விசைப்பலகை அமைப்பில் தமிழ் 99 என்ற பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் பொருத்திவைத்த வெறும் தளக்கோலம். முன்னால் என்ன எழுத்து வந்தது என்று பார்த்து, இரட்டித்தால் தானே புள்ளி வைப்பதும், மெய்யோடு உயிரைச் சேர்த்துத் தருவதும் அதற்குத் தெரியாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி உருவான தமிழ் 99இன் உயிரே அந்த வசதிதான். அது வேண்டுமென்றால் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவ வேண்டும். கணக்கிலிருந்து ஒரு முறை வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். பிறகு உள்ளீட்டு மூலங்களில் எம்17என் என்ற குறியோடு வரும் தமிழ் 99ஐச் சேர்க்க வேண்டும். பழைய தட்டச்சுப் பொறிக் கோலமும் ஒலிபெயர்ப்பு முறையும் அதே தொகுப்பில் கிடைக்கின்றன. இலவசம். சில நிமிட வேலை. இந்த நான்கு வரியை எழுதக் கை வராதவர்கள், திரையின் ஓரத்தில் பிராசசரின் வெப்பநிலையைக் காட்டும் அலங்காரத்துக்கு நான்கு பத்தி எழுதுகிறார்கள்.

அடுத்தது எழுத்துரு. இது இன்னும் கொடுமை. ஆவண எழுத்தர் தன் பழைய கோப்பு ஒன்றைத் திறக்கிறார். தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் காற்புள்ளிகளுமாகக் குப்பை. பல ஆண்டு உழைப்பு அழிந்துபோனது என்று அந்த மனிதர் பதறுகிறார். அழியவில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், அமைந்தவை அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும். பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து நிறுவினால் பெரும்பாலும் மறுபடி தமிழாகத் தெரியும். பிறகு நிதானமாக ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கான கருவிகளைத் தமிழ் ஆர்வலர்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில்கூட அந்த வசதி இருக்கிறது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை 2010இலேயே தரமாக ஏற்றது. அதற்கு முன்பு எழுதப்பட்டவையும், அதற்குப் பிறகும் பழக்கத்தினால் பழைய எழுத்துருவிலேயே எழுதப்பட்டவையுமாக அலுவலகங்களிலும் வீடுகளிலும் குவிந்து கிடக்கும் கோப்புகள் கொஞ்சமா நஞ்சமா? மாறுகிறவருக்குச் சொல்ல வேண்டிய முதல் எச்சரிக்கையே இதுதான்: விண்டோஸை அழிக்கும் முன் எழுத்துருக்களைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பட்டியல்களைப் புரட்டினாலும் இந்த ஒரு வரி கண்ணில் படுவதில்லை. வன்தட்டைத் துடைத்த பிறகு என்னிடம் வந்து நிற்பவரிடம் நான் என்ன சொல்வது?

ஒருங்குறியில் எழுதியவர்கள் தப்பித்தார்களா? அதுவும் இல்லை. லதா, நிர்மலா ஆகியவை விண்டோஸோடு வருபவை, லினக்ஸில் இருக்காது. அவற்றுக்குப் பதிலாக லோஹித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ வந்து உட்காரும். எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் மாறும். இரண்டு பக்க மனு மூன்றாம் பக்கத்துக்கு வழியும்; கையெழுத்து இடம் தனியாகத் தொங்கும். ஆங்கிலத்துக்காவது கலிப்ரிக்கு ஈடாகக் கார்லிட்டோ, கேம்பிரியாவுக்கு ஈடாகக் கலாடியா என்று அளவு மாறாத எழுத்துருக்கள் இருக்கின்றன. நிறுவிக்கொண்டால் பக்கம் பெரும்பாலும் கலையாது. அதையும் இவர்கள் சொல்வதில்லை. "லிப்ரே ஆபீஸ் நிறுவுங்கள், எல்லாம் சரியாக வரும்" என்று கைகழுவிவிடுகிறார்கள். முதலாவது, மின்ட்டில் அது ஏற்கெனவே நிறுவப்பட்டேதான் வருகிறது. இரண்டாவது, எல்லாம் சரியாக வராது. லிப்ரே ஆபீஸ் தமிழைச் சிக்கலான எழுத்துமுறை மொழிகள் என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கான எழுத்துரு ஒரு பெட்டியில், தமிழுக்கானது வேறொரு பெட்டியில். பாணியில் எழுத்துருவையும் அளவையும் மாற்றிவிட்டு "தமிழ் மட்டும் மாறவே இல்லையே" என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்! பல பதிப்புகளில், அமைப்புகளின் மொழிப் பகுதிக்குப் போய் அந்த வகையை இயக்காத வரை தமிழுக்கான பெட்டி கண்ணிலேயே படாது. வேர்டின் முகப்புக்குப் பழகியவர்களுக்குத் தாவல் வடிவ முகப்பு ஒன்று உள்ளேயே இருக்கிறது. காட்சி மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். மென்பொருளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவது பரிந்துரையா? மருந்துச் சீட்டில் மருந்தின் பெயரை மட்டும் எழுதி, எப்போது எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எழுதாமல் அனுப்பும் வேலை இது.

பத்திரிகை அச்சடிப்பவரின் கதைக்கு வருகிறேன். அவர் இன்றும் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் வேலை செய்கிறார். அதன் கடைசிப் பெரிய பதிப்பு 2001இல் வந்த 7.0. தமிழ்நாட்டுச் சிறு அச்சகங்கள் பலவற்றின் வேலை இன்றும் அதில்தான் ஓடுகிறது. அவருக்குப் பட்டியல் என்ன சொல்கிறது? "போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப்." அவர் போட்டோஷாப்பைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும், அச்சுக்குத் தேவையான நான்கு வண்ண முறையில் நேரடியாக வேலை செய்யும் வசதி கிம்பில் இன்னும் முழுமையாக வரவில்லை என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முதலில் பார்க்க வேண்டியது, பேஜ்மேக்கரைப் போலவே பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸ். அதிலும் எந்தப் பதிப்பு என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய 1.4 வரிசை தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்காது. கொம்பு ஓரிடத்தில் நிற்கும், மெய் ஓரிடத்தில் நிற்கும். 2024இல் வந்த 1.6 நிலையான பதிப்பில் அந்தத் துன்பம் தீர்ந்திருக்கிறது. லிப்ரே ஆபீஸின் டிரா, பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதியை 2015இலேயே பெற்றுவிட்டது. அப்படியே அச்சுக்கு அனுப்பும் அளவுக்கு வராது, ஆனால் உள்ளே இருக்கும் எழுத்தையும் படத்தையும் மீட்கலாம். ஓர் அச்சகத்துக்காரருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! ஒரு பட்டியல், ஒரே ஒரு பட்டியல் இதைச் சொல்லியிருந்தால் நான் அதை வாசலில் ஒட்டி வைத்திருப்பேன்.

அச்சுப்பொறியைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. புதிய மாடல்கள் பல, இயக்கி (டிரைவர்) எதுவும் கேட்காமலே வேலை செய்துவிடும். ஆனால் பக்கத்தை வடிவமைக்கும் வேலையைக் கணினியின் தலையிலேயே கட்டிவிடும் மலிவான பழைய லேசர் பொறிகள் உண்டு. அவற்றுக்கு நிறுவனமோ ஆர்வலர்களோ லினக்ஸ் இயக்கி தந்திருந்தால்தான் விடிவு. மாறுவதற்கு முன்பே, நிறுவாமல் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து ஒரு தாளை அச்செடுங்கள் என்று சொல்ல ஒரு வரி போதும்.

போதாக்குறைக்கு, கட்டளைகளை வேறு ஒட்டச் சொல்கிறார்கள். யாரோ எப்போதோ ஆரம்பித்துக் கைவிட்ட பிபிஏ என்ற தனி மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்க்கச் சொல்லி ஒரு வரி. வயதானவர் அதை அப்படியே ஒட்டுகிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் சிவப்பில் ஒரு பிழைச் செய்தி. "கணினியில் வைரஸ் வந்துவிட்டது தம்பி" என்று அவர் பயந்து அழைக்கிறார். பட்டியல் எழுதியவர் அப்போது எங்கே இருக்கிறார்?

என் கோபம் லினக்ஸை உருவாக்கியவர்கள் மேல் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எம்17என்னுக்குத் தமிழ் விசைப்பலகைகளை எழுதியவர்கள், லோஹித்தையும் நோட்டோவையும் செய்தவர்கள், டெசராக்ட்டுக்குத் தமிழைப் படிக்கக் கற்றுத் தந்தவர்கள் எல்லோரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். வருடிய தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்றித் தரும் டெசராக்ட், அந்தத் தமிழாசிரியருக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும்! கட்டளை தெரியாதவருக்காக ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பும் இருக்கிறது. 2012 முதல் கணியம் என்ற இணைய இதழ் தமிழில் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் குழுக்கள் தெருவில் இறங்கி வேலை செய்கின்றன. இத்தனை பேரின் உழைப்பும் ஆயத்தமாகக் காத்திருக்கிறது. தேவைப்படுகிறவர் கண்ணில் அது படாதபடி, எங்கோ ஒரு விளையாட்டுக் கணினிக்கு எழுதிய பட்டியலைப் படியெடுத்து நடுவே நிறுத்துகிறார்களே, அவர்கள் மேல்தான் என் கோபம்.

இதைச் சொன்னால் வரும் பதிலும் எனக்குத் தெரியும். "எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுத முடியும், அவரவர் தேவையை அவரவர் தேடிக்கொள்ள வேண்டும்." எப்படித் தேடுவார்? பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? ஐபஸ்-எம்17என் என்ற பெயரை எந்தத் தமிழாசிரியர் தானாக ஊகிப்பார்? விஎல்சியைத் தேடிக்கொள்ள யாருக்கும் உங்கள் உதவி தேவையில்லை. மென்பொருள் மேலாளரைத் திறந்தால் முகப்பிலேயே நிற்கும் மென்பொருள்களுக்கு எதற்குப் பட்டியல்?

மளிகைக் கடைக்காரர் விஷயத்தில்தான் எனக்கு ஆறவே இல்லை. அவருடைய கொள்முதல், விற்பனை, ஜிஎஸ்டி எல்லாம் டேலியில் இருக்கிறது. டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. "டேலிக்குப் பதில் குனூகேஷ்" என்று ஒரு பட்டியலில் ஒரே வரியில் போட்டிருந்தார்கள். குனூகேஷ் நல்ல மென்பொருள். வீட்டுக் கணக்குக்கும் சிறு கணக்குக்கும் தாராளமாகப் போதும். ஆனால் டேலியின் தரவை அப்படியே எடுத்துக்கொள்ளாது. நம் ஊர் ஜிஎஸ்டி படிவங்களையும் தயாரித்துத் தராது. அவருடைய தணிக்கையாளர் கேட்பதோ டேலி கோப்பு. "ஐயா, இந்த ஒரு கணினியை மட்டும் மாற்றாதீர்கள்" என்று சொல்வதுதான் அவருக்குத் தர வேண்டிய பரிந்துரை. பட்டியலில் இருந்த குனூகேஷ் வரியை நம்பி மாற்றிவிட்டு, மார்ச் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரத்தில், காகித பில்களை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக வேறொரு கணினியில் மறுபடி பதிந்துகொண்டிருந்தார் அவர். கடை வாசலில் வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை எழுதியவருக்கு, டேலியில் வேலை செய்யும் ஒரு கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?