கையெழுத்து வேண்டுமென்றால் காகிதத்தைக் காட்டுங்கள்

அந்தக் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடியும் இங்கே போடப் போவதில்லை. அந்த அக்காவின் முகம் ஏற்கனவே வேண்டிய மட்டும் சுற்றிவிட்டது. எரிவாயுக் குழாய் பதிக்கக் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களிடம் தன் தோட்டத்தில் நின்றுகொண்டு, "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்று சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்குக் கீழே வந்து குவிந்த கருத்துகளைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

"மண்ணுக்குள்ள போற குழாய்க்கு இவங்களுக்கு என்ன வலிக்குது?" என்கிறார் ஒருவர். "காசு பத்தலையாம்" என்கிறார் இன்னொருவர். அவர்களை விடுங்கள், யாரென்றே தெரியாது. ஆனால் "பேராசை பிடித்த நாலு பேரால் நாட்டோட வளர்ச்சியே நிற்குது" என்று எழுதியவர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார். நன்றாகப் படித்தவர். பக்கத்து ஊர்க்காரர். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னால் அது எப்படிங்க பேராசை ஆகும்? ஒரு வீட்டை வாடகைக்கு விடுவதென்றால் பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் போடுகிறோம். மோட்டார் கரண்ட் பில்லை யார் கட்டுவது, ஆணி அடிக்கலாமா கூடாதா என்பது வரைக்கும் அதில் எழுதிக்கொள்கிறோம். இந்தக் குழாய் பதினோரு மாதத்தில் காலி செய்துவிட்டுப் போகாது. நம் பேரன் காலத்திலும் அங்கேயேதான் கிடக்கும். அதற்குக் காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்கக் கூடாதா?

"நிலத்தை எடுக்கலைங்க, பயன்பாட்டு உரிமையை மட்டும்தான் எடுக்கறோம்" என்பதுதான் தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வரி. 1962-ம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்ச் சட்டப்படி அது சரிதான். பட்டா நம் பேரிலேயே இருக்கும், தீர்வையும் நாமேதான் கட்டுவோம். ஆனால் அதே சட்டத்தின் 9-வது பிரிவை யாராவது வாய்விட்டுச் சொல்கிறார்களா? குழாய் போகும் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது. கிணறு, குளம் வெட்டக் கூடாது. மரம் வைக்கக் கூடாது. நேற்று வரைக்கும் செய்துவந்த வெள்ளாமையைச் செய்துகொள்ளலாம். தென்னை வைத்துப் பிழைக்கிற ஊரில் மரம் வைக்கக் கூடாது என்றால் மேற்கொண்டு என்ன விவசாயம் பார்ப்பது என்று அவர்களேதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் 10-வது பிரிவு. பயிருக்கும் மரத்துக்கும் ஆகிற சேதத்துக்குத் தனியாக இழப்பீடு உண்டு. ஆனால் காலத்துக்கும் நிலத்தின் மேல் விழுகிற இந்தக் கட்டுப்பாட்டுக்கு என்ன தருகிறார்கள் தெரியுமா? நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். அந்த மதிப்பையும் குழாய்க்கான அரசு அறிவிக்கை வந்த தேதியை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொங்குப் பக்கம் கெயில் என்கிற பொதுத்துறை எரிவாயு நிறுவனத்தின் குழாய்க்குக் குறித்த பட்டை 20 மீட்டர் அகலம். ஒருவருடைய தோட்டத்தின் குறுக்கே அது 200 மீட்டர் போனால் 4,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒரு ஏக்கர். இருபத்தைந்து அடி இடைவெளியில் தென்னை வைத்திருந்தால் கிட்டத்தட்ட எழுபது மரம் போகும். மூன்று ஏக்கர்க்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு அந்தப் பட்டைக்குள் சிக்கிக்கொள்கிறது. மீதி இரண்டு ஏக்கரும் ஒரே துண்டாக இருக்காது, ஆளுக்கொரு பக்கம் பிரிந்து கிடக்கும். வெளியில் ஏக்கர் ஐம்பது லட்சத்துக்குக் கைமாறுகிற நிலத்துக்கு, பத்திரப் பதிவுக்கு அரசு குறித்த வழிகாட்டி மதிப்பு பத்து லட்சம் என்று இருந்து, அதையே சந்தை மதிப்பு என்று எடுத்துக்கொண்டால் 10 சதவீதம் என்பது ஒரு லட்ச ரூபாய். உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். இதை வாங்கிக்கொண்டு வாயை மூடாமல் கேள்வி கேட்கிறவர்தான் பேராசைக்காரரா?

நிலத்தையே முழுசாக எடுத்தால் 2013-ம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் வேறு கணக்குச் சொல்கிறது. கிராமப்புற நிலமென்றால் மதிப்பைப் பெருக்கி, அதற்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகையும் சேர்க்க வேண்டும். "உரிமையை மட்டும்தான் எடுக்கறோம்" என்கிற அந்த ஒரு வரி எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்துகிறது என்று இப்போது புரிகிறதா?

சரி, என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்திலும் குழாய் போகிறது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அப்பா அன்றைக்குத் தனியாக இருந்தார். என்னென்ன சேதம் என்று நேரில் பார்த்து எழுதுகிற பஞ்சநாமா காகிதத்தை ஜீப் பானட்டின் மேல் விரித்து, "பஞ்சநாமாதானுங்க, எல்லாரும் போட்டாச்சு" என்று பேனாவை நீட்டியிருக்கிறார்கள். மரம் எத்தனை என்கிற கட்டம் காலியாக இருந்திருக்கிறது. "அதெல்லாம் ஆபீஸ்ல நிரப்பிக்குவோம்" என்றார்களாம். எழுபது வயது தாண்டிய மனிதர், பேன்ட் சட்டை போட்டு வந்தவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற தலைமுறை. பின்னால் நகல் கைக்கு வந்தபோது காய்க்கிற மரங்கள் மட்டும்தான் கணக்கில் இருந்தன. பாளை விடுகிற பருவத்தில் நின்ற கன்றுகள் ஒன்றுகூட இல்லை. நான்கு வருடம் தண்ணீர் விட்டு வளர்த்தவை அவை.

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் மண்தான். பள்ளம் தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்து, குழாயை இறக்கி மூடும்போது அடிமண்ணைக் கீழேயும் மேல்மண்ணை மேலேயும் போட வேண்டும். எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். எங்கள் தோட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் போனார்கள். கீழே கிடந்த சுக்கான் கல் மேலே வந்துவிட்டது. செம்மண் எங்கே போனதென்றே தெரியவில்லை. அடுத்த மழைக்குக் கடலை போட்டோம். இரண்டு பக்கமும் கொடி கரும்பச்சையாகப் படர்ந்து கிடக்க, நடுவே அந்தப் பட்டை மட்டும் வெளுத்துப்போய், ஒரு சாண்கூட எழும்பாமல் நின்றது. குழாய் எங்கே போகிறதென்று தெரிந்துகொள்ள அவர்கள் நட்ட கல்லைத் தேட வேண்டியதில்லை, வரப்பில் நின்று பார்த்தாலே போதும். வண்டி வண்டியாக எரு அடித்தும் அது இன்னும் தேறவில்லை. அந்த மகசூல் குறைவுக்கு எந்தக் காகிதத்திலும் கட்டம் இல்லை.

"மேல விவசாயம் பண்ணிக்கலாமே" என்று எழுதியவர்கள் ஒருமுறை வந்து அந்தப் பட்டையில் ஏர் ஓட்டிப் பாருங்கள். தாராளமாக வாருங்கள்.

இப்போது சிலர் கேட்பார்கள், நாட்டுக்கு எரிவாயு வேண்டாமா என்று. வேண்டும். எங்கள் வீட்டிலும் கேஸ் அடுப்புதான் எரிகிறது. லாரியில் கொண்டுபோவதைவிடக் குழாயில் கொண்டுபோவது மேல் என்பதும் தெரியும். குழாயே வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, அந்த அக்காவும் சொல்லவில்லை. ஆனால் நாட்டுக்காகத் தியாகம் என்று வரும்போது ஏன் எப்போதும் எங்கள் சர்வே நம்பர் மட்டும் கணக்கில் வருகிறது? உயர்மின் கோபுரம் வந்தபோதும் இதே பேச்சுத்தான். அதற்கு 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தைக் காட்டிக் கோபுரம், 1962 சட்டத்தைக் காட்டிக் குழாய். ஒரே தோட்டத்தில் மேலே கம்பியும் கீழே குழாயும் போகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் தேசப்பற்றுப் பாடம் எடுக்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

கோர்ட்டே சொல்லிவிட்டதே என்பார்கள். ஆமாம், சொல்லிவிட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டத்து விவசாயிகள் போராடிய பிறகு, 2013-ல் முதல்வராக இருந்த ஜெயலலிதா கெயில் குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னார். அந்த வருடமே சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தமிழக அரசின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். சாலையோரம் வீடும் கடையும் நெருக்கம், நாளைக்குச் சாலையை அகலப்படுத்தினால் மறுபடியும் தோண்ட வேண்டிவரும் என்கிற வாதத்திலும் நியாயம் இருக்கலாம். குழாய் போடலாம் என்றுதான் தீர்ப்பு வந்தது. காலிப் படிவத்தில் கையெழுத்து வாங்கலாம் என்று எந்தத் தீர்ப்பில் இருக்கிறது?

யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

குழாய் வெடிக்கும் என்று நாங்கள் பயமுறுத்துகிறோம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 2014 ஜூன் 27 விடிகாலையில் ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், தென்னை மரங்கள் நின்றபடியே கருகின. அது செய்தியில் வந்ததுதான், யாரும் கட்டிவிட்ட கதை கிடையாது. கசிவு ஏற்பட்டால் யார் பொறுப்பு, எவ்வளவு நேரத்தில் வருவார்கள், எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்று குழாயின் மேல் குடியிருப்பவர் கேட்டால் அது உங்களுக்கு வம்பாகத் தெரிகிறதா?

இன்னொன்று. பேரம் பேசுகிறார்கள் என்று குற்றம் மாதிரிச் சொல்கிறீர்கள். ஆமாம், பேசுவோம். நிறுவனத்துக்கு வக்கீல் இருக்கிறார், சர்வேயர் இருக்கிறார், மதிப்பீட்டாளர் இருக்கிறார். ஒவ்வொரு மீட்டருக்கும் அவர்கள் கணக்குப் பார்க்கலாம், அது நிர்வாகத் திறமை. நாங்கள் ஒரு மரத்துக்குக் கணக்குக் கேட்டால் மட்டும் பேராசையா? நடுத் தோட்டத்தில் போகிற தடத்தை வரப்போரம் தள்ள முடியுமா என்று கேட்பதால் சில தோட்டங்கள் தப்பியிருக்கின்றன. அறுவடை முடிந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள் என்று கேட்டு எழுதி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தானாக வந்து கொடுத்ததில்லை. கோவை, திருப்பூர் பக்கம் ஏற்கனவே குழாய் போன தடத்தை ஒட்டியே இன்னொரு குழாய்க்கும் அளக்க வந்தார்களே, முதல் குழாய்க்குத் தலையாட்டியவர்களுக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

பேராசை என்று என் நண்பர் எழுதிய அந்தக் கருத்தை அப்பா படித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருக்கு முகநூல் பார்க்கத் தெரியும், பக்கத்து ஊர்ப் பையன் எழுதியதென்றால் தேடிப் படிப்பார். எதுவும் சொல்லவில்லை. போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். என் தங்கச்சிக்கு வீடு கட்ட என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த இடத்தின் பாதி இன்றைக்கு அந்தப் பட்டைக்குள் இருக்கிறது. அதைப் பற்றி ஊரில் யாரிடமும் அவர் புலம்பியதில்லை. வந்த காசோலையை வாங்கி வங்கியில் போட்டுவிட்டு வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தம்பி, நீ பேராசை என்று எழுதினாயே, அதில் இவரும் அடக்கமா? இதற்கு மட்டும் பதில் சொல். மற்றதெல்லாம் நாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

குழாய் விஷயமாக நடக்கும் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு: பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபட நகல் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மரங்களைச் சின்னது பெரியது பார்க்காமல் எண்ணி, தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். அறிவிக்கை வந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். குடியிருக்கும் வீட்டுக்கு அடியிலோ வீட்டை ஒட்டிய வாசலிலோ குழாய் போடக் கூடாது, ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் போடக் கூடாது என்று 7-வது பிரிவே சொல்கிறது, யாராவது மறுத்தால் அந்தப் பிரிவைக் காட்டச் சொல்லுங்கள். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைப்போம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இழப்பீடு கட்டுப்படி ஆகவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம், காசோலையை வாங்கும்போது என்னத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள். வயசானவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். அந்த அக்காவும் வருகிறார், நான் போனில் பேசிவிட்டேன். அவர் பக்கத்தில் இரண்டு பேராவது உட்காருங்கள்.