பியூப்ரெனார்பினை "இன்னொரு போதை" என்று ஒதுக்கி வைக்காதீர்கள்

ஹெராயினிலோ வலி மாத்திரையிலோ சிக்கிய பிள்ளையைப் பத்து நாள் போதை மீட்பு மையத்தில் வைத்திருந்து, "இப்போது சுத்தமாகிவிட்டான்" என்று வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள். இந்த அடிமைத்தனத்துக்கான மருந்தான பியூப்ரெனார்பினை டாக்டர் எழுதிக் கொடுத்தால், "ஒரு போதையை விடுவதற்கு இன்னொரு போதையா?" என்று சீட்டை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பாசத்தால் எடுக்கிற முடிவுதான். ஆனால் உயிர் போகக்கூடிய முடிவு. ஏன் என்று புரிய, நரம்புச் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நடுமூளையில் விடிஏ என்று ஒரு சின்னப் பகுதி. அங்கே இருக்கும் டோபமைன் செல்கள் சாதாரணமாக நொடிக்குச் சில முறை மட்டும் துடிக்கும். அவற்றின் நீண்ட நார்கள் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்ற இடத்துக்குப் போய் டோபமைனை விடுகின்றன. பக்கத்திலேயே காபா செல்கள் இருந்து அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. வண்டிக்கு பிரேக் மாதிரி. ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதில்லை. காபா செல்களில் மருந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான மியூ ஏற்பிகளில் போய் உட்கார்ந்து பிரேக்கை விடுவிக்கின்றன. டோபமைன் செல் தடையில்லாமல் துடிக்கிறது. 1992-இல் ஜான்சன், நார்த் என்ற ஆய்வாளர்கள் எலி மூளைத் துண்டுகளில் இதைக் காட்டினார்கள். கொக்கைன் வேறு வழியில் வேலை செய்கிறது. வெளியே வந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்கும் பம்ப்பை அடைத்துவிடுகிறது. வழிதான் வேறு, அக்கம்பன்ஸில் டோபமைன் கூடுவது இரண்டுக்கும் பொது.

டோபமைனை "இன்ப ரசாயனம்" என்று எழுதி எழுதியே நாம் விஷயத்தைத் தவறவிட்டோம். நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் செல்களைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் செல் வேகமாகத் துடித்தது. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியதும் சாற்றுக்குத் துடிப்பதை விட்டு விளக்குக்குத் துடித்தது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வரவேண்டிய நொடியில் துடிப்பு இயல்பைவிடக் கீழே போனது. அந்தச் செல் சொல்வது "நினைத்ததைவிட நல்லது வந்திருக்கிறது, குறித்துக்கொள்" என்பதைத்தான். சாப்பாடு பழகிவிட்டால் இந்தக் குறிப்பெடுப்பு அடங்கிவிடும். போதைப்பொருள் எத்தனை தடவை எடுத்தாலும் டோபமைனை மருந்தின் பலத்தாலேயே ஏற்றுவதால், அது அடங்குவதே இல்லை. அலுமினியத் தாள், சிரிஞ்ச், ஒரு தெருமுனை, ஒரு நண்பனின் போன் அழைப்பு எல்லாம் மறுபடி மறுபடி அழுத்திப் பதிகின்றன.

இந்தப் பதிவு வெறும் உவமை இல்லை. 2001-இல் அங்லெஸ் என்பவரின் ஆய்வுக் குழு எலிகளுக்கு ஒரே ஒரு தடவை கொக்கைன் கொடுத்தது. விடிஏ டோபமைன் செல்களின் இணைப்புகள் பலப்பட்டு, ஐந்தாம் நாளும் அப்படியே இருந்தன. பத்தாம் நாள் இல்லை. 2003-இல் இதே மாற்றம் மார்ஃபின், நிகோட்டின், ஆல்கஹாலுக்கும் வந்தது. போதையே இல்லாமல் குளிர்ந்த நீரில் நீந்தவிட்ட மன அழுத்தத்துக்கும் வந்தது. எலியின் நீச்சலும் வீட்டுச் சண்டையும் ஒன்றல்ல என்று தெரியும். ஆனாலும் திரும்பி வந்தவனைத் தினமும் குத்திக்காட்டும் வீடுகளை நினைக்கும்போது இந்த முடிவு என்னை உலுக்குகிறது.

இப்போது அந்தப் பத்து நாளுக்கு வருவோம். போதை நின்றதும் வரும் மூக்கு ஒழுகுவது, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை இவற்றில் ஒரு பங்கு மூளைத்தண்டில் உள்ள லோகஸ் செருலியஸ் என்ற பகுதி செய்வது. நீண்ட நாள் அமுக்கி வைக்கப்பட்ட செல்கள் ஈடுகட்டப் பழகியிருக்கும். மருந்து நின்றதும் அளவுக்கு மீறித் துடிக்கும். ஹெராயினில் இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் தணிவு. மையம் ஆற்றிக் கொடுப்பது இதை மட்டும்தான். ஒரு தடவை எடுத்ததன் மாற்றம் பத்து நாளில் மறையலாம், ஆனால் திரும்பத் திரும்ப எடுத்து அழுத்திப் பதிந்த பதிவு அப்படியே இருக்கிறது. ஹெராயின் எடுத்துப் பழகிய எலிகள் நிறுத்திய முதல் நாளைவிட அடுத்த சில வாரங்களில்தான் அதிகமாகத் தேடின. "குணமாகிவிட்டான்" என்று நாம் நிம்மதி அடையும் நேரத்தில் ஏக்கம் ஏறுமுகத்தில் இருக்கலாம்.

அதே சமயம் உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். மூச்சை நடத்தும் மூளைத்தண்டு செல்களிலும் மியூ ஏற்பிகள் உண்டு. மாதக்கணக்கில் பழகியதால் பழைய அளவைத் தாங்கியவன், சில வாரம் விட்டுவிட்டு அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இடம் மாறினாலும் ஆபத்து. ஷெப்பர்ட் சீகல் என்ற ஆய்வாளர் 1982-இல் ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்குப் பெரிய அளவு கொடுத்தார். பழகிய அறையில் ஏறக்குறைய 32 சதவீதம் செத்தன, புது அறையில் 64 சதவீதம். பழகிய சூழலைக் கண்டதும் உடம்பு முன்கூட்டியே எதிர்வினைக்குத் தயாராகிறது. புது இடத்தில் அந்தத் தயாரிப்பு இல்லை.

பியூப்ரெனார்பின் இங்கேதான் உதவுகிறது. மியூ ஏற்பியை இறுகப் பிடிக்கும், மெதுவாக விடும், பாதியளவே தூண்டும். செல் நாளுக்கு நாலு தடவை ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருக்கும். மூச்சை அமுக்குவதிலும் ஒரு வரம்புக்கு மேல் போகாது. ஆனால் மதுவோ அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் உடம்பு முறுக்கும், உண்மைதான். அது உடம்பு மருந்தைச் சார்ந்திருப்பது, அடிமைத்தனம் அல்ல. வேலை, குடும்பம், பணம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பொருளைத் தேடி ஓடுவதுதான் அடிமைத்தனம்.

அதிகம் கெடுவது தொடங்கும் நாளில். ஹெராயின் உள்ளே இருக்கும்போதே கொடுத்தால், இது அதை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டுப் பாதி பலத்தோடு உட்காரும். சிறிது நேரத்திலேயே கடும் முறுக்கு வரும். அதனால் கடைசியாக எடுத்து 12 முதல் 24 மணி நேரம் கழித்து, கொட்டாவி, கண்ணீர், விரிந்த கண்மணி தெரிந்த பிறகே டாக்டர் 2 அல்லது 4 மில்லிகிராமில் தொடங்குவார். மாத்திரையை விழுங்கினால் பெரும்பகுதி வீண். நாக்குக்கு அடியில் கரையும்வரை, ஐந்து பத்து நிமிடம், பேசாமல், தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். கரைந்ததும் வாயைக் கொப்பளிக்கலாம். ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கலாம். பற்களைக் காப்பாற்ற அது அவசியம். பலருக்கும் நாளுக்கு 8 முதல் 16 மில்லிகிராம் போதும். குறைவாகக் கொடுத்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்வதும் நடக்கிறது.

எத்தனை நாள்? மாதங்கள், பலருக்கு வருடங்கள். குறைப்பதும் மெதுவாக, ஏக்கம் திரும்பினால் முந்தைய அளவுக்கே போய் நிற்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் இந்திய அரசின் கட்டணமில்லா எண் 14446-க்குப் பேசுங்கள். எந்த மையமானாலும், சேர்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: பதினோராம் நாள் என்ன மருந்து, யார் கொடுப்பார்கள், மாதாமாதம் யார் பார்ப்பார்கள்? பதில் இல்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.