தம்பி அடுப்பு வாங்குகிறான்

(கிரில் அடுப்பு வாங்கக் கிளம்பிய தம்பி குமாரை அக்கா வசந்தி வாசலிலேயே மடக்குகிறாள்.)

குமார்: முடிவு பண்ணிட்டேன்க்கா. கரி அடுப்புதான். அந்த வாசம் கேஸ்ல வருமா?

வசந்தி: வாசம் கரியிலேர்ந்தா வருது? நல்லாப் பத்தி சாம்பல் பூத்த கரிக்குப் பெருசா வாசமே கிடையாதுடா. இறைச்சியோட கொழுப்பு சொட்டுச் சொட்டா சூட்டுல விழுந்து, புகைஞ்சு மேல வந்து ஒட்டுது பாரு, முக்கியமா அதுதான். கேஸ் கிரில்லயும் பர்னருக்கு மேல இரும்புத் தகடு இருக்கும். கொழுப்பு அதுல விழுந்தாலும் புகையத்தான் செய்யும்.

குமார்: அப்போ கரிக்கு ஒரு மரியாதையும் இல்லையா?

வசந்தி: இருக்கு. தணலோட அனல் நேரா அடிக்கும். கேஸ் எரிஞ்சா நீராவியும் சேர்ந்து வரும், கரியில அது குறைவு. அதனால மேல்பக்கம் சீக்கிரம் சிவந்து மொறுமொறுன்னு ஆகும். அது சரி, உனக்கு எப்போ பசிக்கும்?

குமார்: அடுப்பைப் பார்த்ததுமே.

வசந்தி: அப்போ கரியில 20 நிமிஷம் பட்டினி. சிம்னின்னு ஒரு தகரக் குழாய் விக்கும். அடியில ரெண்டு தாள் பேப்பரைக் கசக்கி வை, மேல கரியை நிரப்பு, பேப்பரைப் பத்த வை. மேல இருக்கற கரி ஓரத்துல வெள்ளையா சாம்பல் பூக்கற வரைக்கும் தொடாதே.

குமார்: கொஞ்சமா பெட்ரோல் தெளிச்சா...

வசந்தி: புருவம் இல்லாம சாப்பிடலாம். பெட்ரோல் ஆவி சுத்தியும் பரவி நிக்கும்டா. தீக்குச்சியைக் கிழிச்சா கரிக்கு முன்னாடி நீ பத்திக்குவ.

குமார்: சரி, பத்தின கரியைக் கொட்டி அடுப்பு முழுக்கப் பரப்பிடறேன்.

வசந்தி: கொழுப்பு சொட்டி தீ குபுக்குன்னு எழும்பினா கோழியை எங்கே நகர்த்துவ? உன் மடியிலயா? ஒரு பாதியில கரி, மறு பாதி காலி. தொடைத் துண்டை தணல் மேல சிவக்க விட்டு, காலிப் பக்கம் தள்ளி மூடியைப் போடு. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரணும். மூடியில இருக்கற தெர்மாமீட்டர் காத்தோட சூட்டைத்தான் காட்டும். குத்திப் பார்க்கற தெர்மாமீட்டரை எலும்புல படாம, தடிமனான இடத்துல குத்து.

குமார்: சூட்டைக் கூட்டணும்னா விசிறவா?

வசந்தி: கீழே இருக்கற காத்துத் துவாரத்தைத் திற. குறைக்கணும்னா பாதி மூடு. ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்ப பாரு, அப்போ வர்ற காத்துல கரி வேகமா எரிஞ்சு தீரும், கோழி வேகாது. சமைச்சு முடிச்சா மேல் துவாரம், கீழ் துவாரம் ரெண்டையும் அடைச்சிடு. சாம்பலை 48 மணி நேரம் விட்டுத்தான் கொட்டணும், அதுவும் மூடி போட்ட இரும்பு டப்பாவுல.

குமார்: ரெண்டு நாளா! கேஸ்தான்க்கா. குமிழைத் திருகினோமா, வேலை முடிஞ்சுதா.

வசந்தி: மூடியைத் திறந்து வச்சியா?

குமார்: ஏன்?

வசந்தி: மூடியைப் போட்டுட்டு கேஸைத் திறந்தா உள்ளேயே தேங்கும். லைட்டரைத் தட்டினதும் மூடி உனக்கு முன்னாடி மாடிக்குப் போயிடும். முதல் தட்டுல பத்தலைன்னா குமிழை மூடு, அஞ்சு நிமிஷம் காத்தாட விடு, அப்புறம் தட்டு.

குமார்: சில அடுப்புல ஃபுல்லா வச்சாலும் தீ மினுக் மினுக்னுதான் எரியுதே?

வசந்தி: உன்னை மாதிரி ஆளு கை வச்ச அடுப்பு. சில ரெகுலேட்டர்ல ஒரு பாதுகாப்பு இருக்கும். பர்னர் குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டரைப் படக்குன்னு திறந்தா, எங்கேயோ கேஸ் ஒழுகுதுன்னு நினைச்சு அது வழியை இறுக்கிக்கும். எல்லாத்தையும் மூடு, ரெகுலேட்டரைக் கழட்டி மாட்டு, சிலிண்டரை மெதுவா திற, கடைசியா பர்னர். தீ மஞ்சளா எரிஞ்சா பர்னர் குழாய்க்குள்ள சிலந்தி கூடு கட்டியிருக்கான்னு பாரு. பிரஷ் விட்டுத் துடைச்சாப் போதும்.

குமார்: சிலந்திக்கு வேற இடமே கிடைக்கலையா?

வசந்தி: நீ வாரக்கணக்கா அடுப்பைத் தொடமாட்டேன்னு அதுக்குத் தெரியும். சிலிண்டர் மாத்தறப்பல்லாம் இணைப்புல சோப்புத் தண்ணி தடவு. நுரை முட்டை விட்டா ஒழுகுதுன்னு அர்த்தம், பத்த வைக்காதே.

குமார்: சரி, சரி. பால்கனியில கண்ணாடிக் கதவோரமா வச்சுக்கறேன்.

வசந்தி: சுத்திக் கண்ணாடி போட்ட பால்கனியில ரெண்டு அடுப்புமே ஆகாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தலை சுத்தறப்போதான் தெரியும், கரியில இன்னும் மோசம். மொட்டை மாடிக்குப் போ. சுவர், துணிக்கொடி எல்லாத்துக்கும் 3 மீட்டர் தள்ளி வை.

குமார்: மாடிக்கு லிஃப்ட் போகாதேக்கா.

வசந்தி: போகாது. கேஸ் அடுப்புன்னா ரெண்டு பேர் தூக்கணும், சிலிண்டர் தனி. சின்னக் கரி அடுப்புன்னா ஒத்தைக் கையில எடுத்துட்டுப் போயிடலாம்.

குமார்: (படிக்கட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து) அந்த சிம்னிக்கு அடியில பேப்பர் எத்தனை தாள்னு சொன்ன?