மணி அடித்தாகிவிட்டது, வேலையை எப்போது பேசுவோம்?

எங்கள் கிளப்பின் ஏழு மணிக் கூட்டத்தை எட்டேகாலுக்கு ஆரம்பிக்கிறவர்களுக்கு, தாமதமாக வந்து உட்கார்ந்தவரிடம் அபராத உண்டியலை நீட்ட என்ன தகுதி இருக்கிறது? போன வியாழக்கிழமை இந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சபை நாகரிகம் என்று விழுங்கினேன். இனிமேல் விழுங்குவதாக இல்லை.

எனக்குக் கூடலூரில் மருந்துக் கடை. நீலகிரிக் கூடலூர் இல்லை; தேனி மாவட்டத்துக் கூடலூர், லோயர் கேம்ப் தாண்டினால் குமுளி மலை ஏறுகிற ஊர். கம்பத்தில் வாராவாரம் வியாழன் சாயங்காலம் கூடுகிற, ரோட்டரி, லயன்ஸ் மாதிரியான ஒரு சேவைக் கிளப்பில் உறுப்பினர். எந்தக் கிளப் என்று எழுதமாட்டேன். பெயர்ப்பலகையில் என்ன முத்திரை இருந்தாலும் நிலைமை இதுதான் என்று வேறு ஊர்களில் வேறு கிளப்புகளில் இருக்கிற தோழிகளும் சொல்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஒரு மருந்துக் கடைக்குச் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டரை வரை என்ன நேரம் தெரியுமா? ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போன ஜீப்புகள் இறங்குகிற நேரம். வண்டன்மேடு, ஆனவிலாசம், சக்குபள்ளம் என்று கேரள மலைக்கு விடியுமுன் இருட்டோடு ஏறிப்போன பெண்கள், ஈரச் சேலையோடு நேராகக் கடைக்கு வருவார்கள். இடுப்பு வலிக்கு மாத்திரை, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து, அட்டை கடித்துப் புண்ணான இடத்துக்குக் களிம்பு. அந்த நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் நான் கம்பத்துக்கு பஸ் ஏறுகிறேன். என் வியாபாரம் போகட்டும். "அக்கா, வியாழக்கெழமன்னா கடையடச்சிருவீகளே" என்று அவர்கள் சொல்லும்போது பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே? அந்த மூன்று மணி நேரத்தை வைத்து இவர்களுக்கு ஏதாவது செய்துவிட்டு வந்தேன் என்று சொல்ல முடிந்தால் தலை நிமிர்ந்து சொல்வேன். முடியவில்லை. அதுதான் கொதிக்கிறது.

அங்கே போய் என்ன பார்க்கிறேன்? "விஐபி உத்தமபாளையம் தாண்டிட்டாரு, இந்தா வந்துருவாரு" என்று ஒன்றே கால் மணி நேரம். வந்ததும் மணி, இறைவணக்கம், உறுதிமொழி. அதுவரைக்கும் சரி. அப்புறம் வரவேற்புரை. மேடையில் இருக்கிற ஒவ்வொருவருடைய பெயர், பட்டம், வகித்த பதவி, வகிக்கிற பதவி, வகிக்கப்போகிற பதவி. அவர் இறங்கியதும் அடுத்தவர் மைக்கைப் பிடித்து அதே பட்டியலை மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறார். "அவர்களே, அவர்களே, அவர்களே" என்று ஐந்து பேர் பேசினால் ஐந்து தடவை. ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த ஆள் முகம் சுருங்குகிறார் என்று முன்னாள் தலைவர் ஒருவர் எழுந்து திருத்துகிறார். பிறகு அந்த வாரத்துப் பிறந்த நாள்கள், திருமண நாள்கள். தம்பதியாக மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை. போட்டோ சரியாக விழவில்லை, துண்டை எடுத்து மறுபடி போர்த்துங்கள் என்கிறார் போட்டோக்காரர். போர்த்துகிறார்கள்.

பொன்னாடைத் தாம்பாளத்தை ஏந்தி நிற்பது யார்? பெண் உறுப்பினர்கள். பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள ரோட்டரி போன்ற உலகளாவிய அமைப்புக்கே 1989 வரைக்கும் ஆனது. அப்படிப் போராடித் திறந்த கதவு இது. நானும் சந்தா கட்டியவள், நானும் உறுதிமொழி எடுத்தவள். தாம்பாளம் தூக்க நான் வரவில்லை. போன மாதமே அதைச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு டீச்சர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு விருந்தினர் அறிமுகம், இரண்டு பக்கம். விருந்தினர் உரை, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று. எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏலக்காய் வியாபாரிகள், திராட்சைத் தோட்டக்காரர்கள், டாக்டர்கள், ஆடிட்டர்கள். எல்லாரும் முன்னேறியவர்கள். அதனால்தான் இங்கே வந்து உட்கார முடிகிறது. முன்னேறாதவர்கள் ஜீப்பில் பின்பக்கம் தொங்கிக்கொண்டு இறங்குகிறார்கள்.

செயலாளர் அறிக்கைக்கு வரும்போது மணி ஒன்பதே கால். பின்னால் சாப்பாட்டுப் பாத்திரங்களின் மூடியைத் திறந்தாயிற்று. நாற்காலி நகர்கிற சத்தத்துக்கு நடுவே, "சேவைத் திட்டங்கள் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்" என்று ஒரு வரி. நன்றியுரையில் மறுபடி எல்லாப் பெயர்களும். நாட்டுப்பண். பஃபே வரிசை.

அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போனது எது என்று சொல்கிறேன்.

என் கடைக்கு வருகிற நாற்பது வயது தாண்டிய பெண்கள், மாத்திரை அட்டையைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்க்கிறார்கள். தேதி தெரியவில்லை. வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் வருவது. நமக்கெல்லாம் சட்டைப் பையில் கண்ணாடி இருக்கிறது. இவர்களுக்கு இல்லை. ஏலக்காய் எடுப்பது என்ன மாதிரி வேலை தெரியுமா? காய் மேலே தொங்காது. தட்டையின் அடியில் மண்ணோடு படர்ந்த சரத்தில் இருக்கும். மழைக்காலத்தில், மர நிழல் இருட்டில், குனிந்து உட்கார்ந்து, பிஞ்சை விட்டுவிட்டு முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சு கலந்தால் ஏச்சு. கண் தெரியாமல் இந்த வேலையை எப்படிச் செய்வது? "கையில தடவித் தடவி எடுக்கேன்க்கா" என்று ஒருத்தி சொன்னாள். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா?

இது என் இரக்கக் கணக்கு மட்டும் இல்லை. அசாமில் தேயிலை பறிக்கிற நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரு பாதிக்கு முதலிலேயே கண்ணாடி கொடுத்தார்கள், மறுபாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதல். வெறும் கண்ணாடி. ஆப்பரேஷன் இல்லை, ஊசி இல்லை. ஒன்றிலிருந்து மூன்று பவர் வரைக்கும் ரெடிமேடாக வருகிற கண்ணாடி, மொத்தமாக வாங்கினால் ஒன்று நூறு ரூபாய்க்குள் முடியும். ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு இரண்டையும் சேர்த்தால் எத்தனை பெண்களுக்குக் கண் தெரியும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது இன்று இவ்வளவு பெரிதாகி நிற்பதற்கு ஒரு காரணம், ஊர் ஊராகப் போன முகாம்கள். இடம், விளம்பரம், ஆள் திரட்டுவது ஆகியவற்றை உள்ளூர் அமைப்பு ஏற்றுக்கொள்ளும். சோதிப்பது மருத்துவக் குழு. புரை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், ஆப்பரேஷனுக்கு அனுப்பலாம். குமுளியிலிருந்து செக்போஸ்ட் தாண்டி வாராவாரம் வருகிற ஏலத்தோட்டக்காரச் சேட்டன் ஒருவர் எங்கள் கிளப்பில் இருக்கிறார். "சேச்சி, நம்ம தோட்டத்துலயே ஒரு ஞாயித்துக்கெழம வெச்சுக்கலாம், பக்கத்துத் தோட்டத்து ஆளுகளையும் கூட்டிட்டு வர்றேன்" என்று அவரே சொல்லிவிட்டார். ஜீப் டிரைவர்களிடம் நானே பேசிவிட்டேன்; ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். மிச்சம் இருப்பது கூட்டத்தில் பத்து நிமிஷமும் ஒரு செக்கும்தான்.

அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. "அக்கா, கண்டிப்பா எடுத்துக்குருவோம்க்கா. இந்த வாரம் டைட்டு. அடுத்த வாரம் மொத அஜெண்டாவே ஒங்களுதுதான்." செயலாளர் தம்பி நல்ல பிள்ளை, பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அவர் வாயில் வருவது இதேதான். இப்போது ஜூன் பாதி தாண்டிவிட்டது. மழை பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் முதல் எடுப்பு ஆரம்பித்துவிடும். எங்கள் கிளப்புக்கோ ஜூலையில் புது வருஷம், பதவியேற்பு விழா. போன கூட்டத்தில் அதைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேச்சு. மண்டபம் எது, அழைப்பிதழில் யார் பெயர் மேலே, ஃப்ளெக்ஸில் யார் படம் எந்த அளவு, இனிப்பு ஒன்றா இரண்டா. பதவியேற்பு முடிந்து, நன்றி அறிவிப்பு முடிந்து, புதுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் பொன்னாடை போட்டு முடிப்பதற்குள் ஆகஸ்ட் வந்துவிடும். ஏலச் செடி எங்கள் அஜெண்டாவுக்காகக் காத்திருக்குமா?

இந்த அமைப்புகள் எப்படிப் பிறந்தன என்று மேடையில் அடிக்கடி பேசுகிறார்கள். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று பேரோடு ஒரு சின்ன அலுவலக அறையில் உட்கார்ந்ததுதான் ரோட்டரி. ஒருவர் அலுவலகம் மாற்றி ஒருவர் அலுவலகம் என்று சுழற்சியில் கூடினார்கள். சரி, அடுத்து என்ன செய்தார்கள் என்றும் சொல்லுங்களேன். 1907-ல் அவர்கள் கையில் எடுத்த முதல் பொதுக் காரியம், சிகாகோ நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை. அதற்காக அலைந்தார்கள், நகராட்சியோடு மல்லுக்கட்டினார்கள். 1925-ல் லயன்ஸ் மாநாட்டுக்கு, கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லர் போய், பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடுங்கள் என்று நேருக்கு நேர் கேட்டார். கண் தொடர்பான வேலையை லயன்ஸ்காரர்கள் இன்றுவரை விடவில்லை. இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13, ஹவுராவில். 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ரோட்டரிக்காரர்கள் 1985-லேயே அந்த வேலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள். சொட்டு மருந்து நாளில் காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் மேசை போட்டு, ஐஸ் பெட்டியோடு நின்றவர்களை இந்தத் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. அவர்கள் தோளில் பொன்னாடை கிடந்ததாக எனக்கு நினைவில்லை.

"கூட்டம்ங்கிறது நட்புக்காகத்தான் மதினி, நாலு பேரு மொகம் பாத்துச் சிரிச்சுப் பேசணும்ல" என்கிறார் ஒரு மூத்த உறுப்பினர். நட்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் ஆட்கள் கெட்டவர்களும் இல்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கிப் பக்கம் ரோடெல்லாம் சரிந்து கிடந்தபோது இதே ஆட்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே கால் மணி நேரக் கூட்டம். அரிசி யார், பாய் போர்வை யார், லாரி யார், குமுளியில் யார் இறக்கிப் பிரித்துக் கொடுப்பது. அவ்வளவுதான் பேச்சு. நான் பாட்டில் பாட்டிலாகக் குளோரின் மாத்திரையும் காய்ச்சல் மருந்தும் கட்டிக் கொடுத்தேன். ஆடிட்டர் மூட்டை தூக்கினார். ஏல வியாபாரி தன் வண்டியைக் கொடுத்துவிட்டு டிரைவர் பக்கத்தில் அவரே உட்கார்ந்து போனார். யாரும் யாரையும் வரவேற்கவில்லை, யாரும் யாருக்கும் நன்றியுரை வாசிக்கவில்லை. இன்றைக்கு எங்களுக்குள் இருக்கிற பாசம் அந்த வாரத்தில் வந்தது, பிறந்த நாள் கேக்கில் வந்ததில்லை. அப்படிப்பட்டவர்களை வாராவாரம் இரண்டரை மணி நேரம் சும்மா உட்கார வைத்து வீணடிக்கிறோமே என்பதுதான் என் ஆத்திரம். நாற்பது பேர் ஒன்றே கால் மணி நேரம் ஒரு விருந்தினருக்காகக் காத்திருந்தால் ஐம்பது மணி நேரம். ஒரு கண் முகாமை முழுசாக நடத்தி முடிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

வாராவாரம் கூடவேண்டும் என்ற கட்டாயமும் இன்று முன்போல இல்லை. ரோட்டரி 2016-லேயே அந்த விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் நடந்தாலும் போதும் என்று கிளப்புகளின் முடிவுக்கே விட்டுவிட்டது. நாமும் யோசிக்கலாம். இரண்டு வாரம் கூடுவோம், மற்ற இரண்டு வாரம் களத்துக்குப் போவோம். அது முடியாதென்றால் வாராவாரமே கூடுங்கள், ஆனால் முதல் அரை மணி நேரம் வேலைக்கு. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் ஏழு மணிக்கு மணி அடியுங்கள். விருந்தினர் பெயரை ஒரு தடவை, ஒரே ஒருவர் சொன்னால் போதும். பிறந்த நாள் வாழ்த்தைச் சாப்பிடும்போது கைகுலுக்கிச் சொல்லிக்கொள்ளலாம். அதில்தான் மனசு இருக்கும்.

என் பிறந்த நாள் அடுத்த மாதம் வருகிறது. எனக்குப் பொன்னாடை போடாதீர்கள். அந்தக் காசைக் கண்ணாடிக் கணக்கில் சேருங்கள்.

வருகிற வியாழன் ஏழு மணிக்கு நான் அங்கே இருப்பேன். மேடையில் ஆள் இருக்கிறதோ இல்லையோ, ஏழு ஐந்துக்கு எழுந்து நின்று முகாம் தேதி, இடம், கண்ணாடி எண்ணிக்கை, செலவு எல்லாவற்றையும் வாசிக்கப் போகிறேன். மைக் தராவிட்டால் பரவாயில்லை, சந்தையில் கத்திப் பழகிய குரல் எனக்கு. குமுளிச் சேட்டன் கூட நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். பொருளாளர் தம்பி, இதைப் படித்தால் செக் புக்கை மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிடப்பா.