இருபத்தாறால் வகுத்த கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு மாணவி. வருடத்தின் முதல் ஆறு மாதம் வேலை கிடைக்கவில்லை, அரசு உதவித்தொகையில் காலம் தள்ளினாள். அடுத்த ஆறு மாதம் ஒரு கடையில் வேலை, மொத்தச் சம்பளம் 26,000 டாலர். உதவித்தொகை வாங்கிய காலத்தில் அவள் வருமானம் எவ்வளவு? சைபர். ஆஸ்திரேலிய அரசின் கணினி சொன்ன விடை வேறு. வருடத்துக்கு 26 இருவாரங்கள், 26,000-ஐ 26-ஆல் வகுத்தால் இருவாரத்துக்கு ஆயிரம் டாலர். அதாவது வருடம் முழுக்கச் சம்பாதித்துக்கொண்டே உதவித்தொகையும் வாங்கியிருக்கிறாள். வாங்கியதைத் திருப்பிக் கட்டு.

மாணவி என் கற்பனை. வகுத்தல் கற்பனை இல்லை. ரோபோடெட், அதாவது ரோபோ போட்ட கடன், என்று ஊரே பெயர் வைத்த அந்தத் திட்டம் 2015-இல் தொடங்கி 2019 நவம்பர் வரை இந்தக் கணக்கை வைத்தே ஓடியது. வருமான வரித் துறையிடம் இருக்கும் வருடச் சம்பளத்தை எடுத்து, சென்டர்லிங்க் என்ற உதவித்தொகை அலுவலகத்தின் பதிவோடு கணினி ஒப்பிடும். வித்தியாசம் வந்தால் கடிதம் போகும். முன்பெல்லாம் ஒரு ஊழியர் அதைப் பார்ப்பார், வேலை கொடுத்தவரிடம் கேட்டுச் சரிபார்ப்பார். அந்த ஆளைத் தூக்கிவிட்டார்கள். வருடத்துக்கு 20,000 கடிதம் போன இடத்தில் வாரத்துக்கு 20,000 போனது.

கடிதம் வந்தவர் என்ன செய்ய வேண்டும்? ஐந்து, ஆறு வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, தான் குற்றவாளி இல்லை என்று காட்ட வேண்டும். ஹோட்டலில் மூன்று மாதம் தட்டு கழுவியவர் எந்தச் சீட்டை எங்கே போய்த் தேடுவார்? அந்த ஹோட்டலே மூடியிருக்கும். பதில் வராவிட்டால் கடன் உறுதி. பலருக்கு அதன் மேல் பத்து சதவீத அபராதம். அப்புறம் தனியார் வசூல் கம்பெனிக்காரர்கள் போன் அடிப்பார்கள். வரித் துறை திருப்பித் தர வேண்டிய பணத்தையும் வழியிலேயே பிடித்துக்கொள்வார்கள். 2016 டிசம்பரில் துறை அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, எங்கிருந்தாலும் கண்டுபிடிப்போம், சிறைக்கும் போக நேரலாம் என்று எச்சரித்தார். மோசடி ஒழிப்பு என்று சொல்லிவிட்டால் கைதட்டலுக்குப் பஞ்சமிருக்காது, எந்த நாட்டிலும்.

இதை ஏன் நான் எழுதுகிறேன் என்றால், எனக்கும் இந்தக் கணக்கில் கொஞ்சம் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் இல்லை, இங்கே.

ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு முறை தணிக்கைத் தடை, அதாவது கணக்கைச் சரிபார்ப்பவர்களின் ஆட்சேபம், வந்தது. ஓய்வுபெறப் போகும் அலுவலக உதவியாளர் ஒருவருக்குப் பல வருடத்துக்கு முன்பே ஊதிய நிர்ணயம் தவறாகச் செய்யப்பட்டு, மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கிறது. நிர்ணயம் செய்தது எங்கள் பிரிவு. பிடித்தம் செய்தது அவருடைய பணிக்கொடையில். குறிப்பு எழுதி மேலே வைத்தது நான். ‘தவறான தகவலால் பெறப்பட்ட தொகை’ என்று எழுதியிருந்தேன். அவர் எந்தத் தகவலையும் தரவில்லை, அவருக்கு அந்தப் படிவமே தெரியாது. முந்தைய கோப்பில் அந்த வாசகம் இருந்தது, நகலெடுத்தேன், அவ்வளவுதான். அவர் மேசைக்கு முன் வந்து நின்று, “சார், நான் ஏமாத்தினேன்னு போட்டிருக்கா?” என்றார். அதெல்லாம் இல்லைங்க, ஃபார்மாலிட்டி என்று சொல்லி அனுப்பினேன்.

பெண்ணின் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். நகையை அடகு வைத்தார். சில வருடம் கழித்து, கடைநிலை ஊழியர்களிடமும் ஓய்வுபெற்றவர்களிடமும் இப்படிப் பிடிக்கக் கூடாது என்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி வாங்கிவிட்டார். பிடித்த தொகை பைசா குறையாமல் திரும்பப் போனது. அடகுக் கடை வட்டி? அதற்கு எங்களிடம் தலைப்பே கிடையாது. கணக்குத் தலைப்பு இல்லாத ஒன்றை அரசாங்கத்தில் யாரும் கொடுக்க முடியாது.

ஆக, பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது ஒன்று, செய்த கேட்டுக்கு ஈடு கொடுப்பது வேறொன்று. ரோபோடெட்டிலும் எல்லோரும் முதலில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடப் பார்த்தார்கள்.

2019-இல் மெல்பர்ன் பெண்கள் இருவர் சட்ட உதவி அமைப்பின் துணையோடு கூட்டாட்சி நீதிமன்றம் போனார்கள். முதல் வழக்கில், விசாரணைக்கு முன்பே வழக்குப் போட்டவருடைய கடன் பூஜ்யமாகிவிட்டது. கடன் இல்லையென்றால் வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை பாருங்கள். இரண்டாவது வழக்கு நின்றது. அந்த ஆண்டு நவம்பரில், சராசரி போட்டுக் கடன் விதித்தது சட்டப்படி செல்லாது என்று அரசே ஒப்புக்கொண்டு நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியதாயிற்று. 2020 மே மாதம் அறிவிப்பு வந்தது: 3,73,000 பேருக்கு 721 மில்லியன் டாலர் திருப்பித் தரப்படும்.

திருப்பி. அவர்கள் பணம்தான்.

அதே ஆண்டு நவம்பரில், பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து போட்டிருந்த கூட்டு வழக்கில் சமரசம் ஆனது. இழப்பீடு என்று வந்தது 112 மில்லியன். பெரிய தொகை போலத் தெரியும். நாலு லட்சம் பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 280 டாலர். அடகுக் கடை வட்டிகூட இதைவிட அதிகம் ஆகியிருக்கும். அந்தச் சமரசத்திலும் அரசு தன் மீது சட்டப் பொறுப்பு எதையும் ஏற்கவில்லை.

ஏன் அவ்வளவு குறைவு? அரசு அலுவலகம் கவனக்குறைவாக இருந்தது என்று சொல்லி நஷ்ட ஈடு வாங்குவது எந்த ஊரிலும் சுலபமில்லை. அந்த அலுவலகம் உங்களிடம் கவனமாக இருக்கக் கடமைப்பட்டதா என்பதிலிருந்தே வாதாட வேண்டும். இன்னொரு வழி, பதவியைத் தெரிந்தே தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று நிரூபிப்பது. தெரிந்தே என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இருப்பது அவர்கள் பீரோவில். 2021 ஜூனில் சமரசத்துக்கு ஒப்புதல் தந்த நீதிபதி பெர்னார்ட் மர்ஃபி, வெட்கக்கேடான அத்தியாயம் என்று இதைக் கடுமையாகவே சாடினார். ஆனால் மேலிருந்தவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதற்குத் தன் முன் சான்று இல்லை என்றும், சதியா சொதப்பலா என்று கேட்டால் சொதப்பல் என்று எடுத்துக்கொள்வதே பொதுவாகச் சரி என்றும் எழுதினார். நல்ல மனிதர். எங்கள் மாதிரி ஆட்களோடு ஒரு வாரம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

பீரோ திறந்தது 2022-இல், ஆட்சி மாறி, முன்னாள் நீதிபதி கேத்தரின் ஹோம்ஸ் தலைமையில் ராயல் கமிஷன் என்ற விசாரணை ஆணையம் உட்கார்ந்த பிறகு. திட்டம் தொடங்கும் முன்பே, 2014-இலேயே, சமூக சேவைத் துறையின் சொந்தச் சட்டப் பிரிவு இப்படிச் சராசரி போடுவது சட்டத்தோடு ஒத்துப்போகாது என்று எழுதிக் கொடுத்திருந்தது. 2017 மார்ச்சில் தீர்ப்பாய உறுப்பினர் டெர்ரி கார்னி ஒரு முறையீட்டில் அதையே சொன்னார். துறை மேல்முறையீடு செய்யவில்லை. செய்தால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போய் ஊருக்குத் தெரிந்துவிடும். செய்யாவிட்டால் அந்த ஒருவர் கடனோடு முடிந்துவிடும். அந்த ஆண்டே கார்னியின் பதவிக்காலம் முடிந்தது, மறுபடி நியமிக்கவில்லை. கணினி மேலும் இரண்டு வருடம் வகுத்துக்கொண்டே இருந்தது.

2023 ஜூலை அறிக்கையில் ஹோம்ஸ் இந்தத் திட்டம் முரட்டுத்தனமானது, கொடூரமானது, நியாயமும் இல்லை சட்டமும் இல்லை என்றார். மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள் அந்த ஆணையத்தின் முன் வந்து உட்கார்ந்து பேசினார்கள். கூட்டு வழக்குக்காரர்கள் இந்தப் புதிய ஆதாரத்தோடு மறுபடி நீதிமன்றம் போக, 2025 செப்டம்பரில் அரசு மேலும் 475 மில்லியன் தர ஒப்புக்கொண்டது.

112 எங்கே, 475 எங்கே. இடைப்பட்ட காலத்தில் அந்த நாலு லட்சம் பேருக்கு நடந்த கேடு கூடவில்லை, குறையவில்லை. அதே வலி, அதே தூக்கமில்லாத இரவு. மாறியது ஒன்றுதான்: அதிகாரிக்குத் தெரியும் என்பது வெளியே தெரிந்தது. என் சண்டை இங்கேதான். பாதிக்கப்பட்டவர் இழப்பு, அதிகாரியின் மனசுக்குள் என்ன இருந்தது என்பதைப் பொறுத்து ஏன் ஏறி இறங்க வேண்டும்? மோசடி என்று ஒருவர் மேல் கை வைத்து, அது தவறு என்று ஆனால், கை வைத்த அலுவலகம் முழு இழப்புக்கும் கட்ட வேண்டும். தெரிந்து செய்தார்களா என்பது அந்த அதிகாரிக்கு என்ன தண்டனை என்ற வேறு கோப்புக்கு உரியது.

(அந்தக் கோப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2024-இல் 12 அதிகாரிகள், முன்னாள்கள் உட்பட, 97 முறை நடத்தை விதிகளை மீறியதாக முடிவானது. கண்டிப்பு, அபராதம், பதவியிறக்கம். அப்போதே ஓய்வு பெற்றுப் போய்விட்டவர்களை என்ன செய்ய முடியும்?)

அலுவலக நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “அப்புறம் எவன்யா மோசடியைப் பிடிப்பான்? எல்லோரும் பேனாவை மூடி வைத்துவிடுவான்” என்றார். பயம் நியாயமானதுதான். ஆனால் நான் கேட்பது அதிகாரியின் சொந்தப் பையிலிருந்து இல்லை, அலுவலகத்தின் பட்ஜெட்டிலிருந்து. வசூல் என்று வரவில் காட்டுகிறார்களே, தவறான வசூலால் வந்த சேதத்தைச் செலவில் காட்டட்டும். ரோபோடெட் திட்டத்தை மேலே வைத்தபோது இவ்வளவு கோடி மிச்சம் என்றே கணக்கு காட்டினார்கள். எதிர்ப் பக்கம் காலியாக இருந்தால் எந்தக் கணக்கும் லாபமாகத்தான் தெரியும்.

நெதர்லாந்தில் இன்னும் மோசம். குழந்தைப் பராமரிப்பு உதவியில் மோசடி என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களை வரித் துறை துரத்தியது. ஒரு கையெழுத்து குறைந்தாலும் வருடம் முழுக்க வாங்கிய பணத்தைத் திருப்பக் கேட்டது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைத் தனியாகக் கண் வைத்தது. நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமே 2019 வரை அந்தக் கடுமையை ஆமோதித்து, பிறகு தவறை ஒப்புக்கொண்டது. 2021 ஜனவரியில் ரூட்டே அமைச்சரவை மொத்தமாக ராஜினாமா செய்தது. மார்ச் தேர்தலுக்குப் பிறகு அவரே மறுபடி பிரதமர். வரித் துறை மீது குற்ற வழக்கு போட முடியுமா என்று பார்த்த அரசு வழக்கறிஞர்கள், அரசுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, முடியாது என்றார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 30,000 யூரோ என்று அறிவித்தார்கள். வீடு போனவர்கள், விவாகரத்து ஆனவர்கள், பிள்ளைகளை அரசுக் காப்பகத்துக்கு விட்டவர்கள் எல்லோருக்கும் அதுதான் ஆரம்பத் தொகை.

மோசடி ஒழிப்பு அமைப்பு ஒன்றின் தவறுக்காக ஈடு கட்டவே வைக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு தகவல். 2008-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அப்படிச் செய்தது. ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலக இயக்குநர்கள் இருவரை, அவர்கள் தரப்பைக் கேட்காமலே மோசடி ஒழிப்பு அலுவலகம் குற்ற வழக்குக்கு அனுப்பியிருந்தது, பத்திரிகைகளுக்கும் விஷயம் கசிந்திருந்தது. பெயர் கெட்டதற்கும் மன வேதனைக்கும் 56,000 யூரோ தரச் சொன்னார்கள். அவர்கள் பெரிய அதிகாரிகள், பெரிய வக்கீல்களும் இருந்தார்கள், சரி. தட்டு கழுவியவருக்கு நாலு லட்சம் பேர் கூட வர வேண்டியிருந்தது.

எங்கள் அலுவலக உதவியாளர் கதைக்கு ஒரு பாக்கி இருக்கிறது. பணம் திரும்பப் போனபோது அதற்கான குறிப்பையும் நானே எழுதினேன். ‘தவறான தகவலால்’ என்ற பழைய வாசகத்தை அடித்து ஒரு திருத்த உத்தரவு போடலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். தொகைதான் போய்விட்டதே, அது எதற்கு என்றார். நானும் விட்டுவிட்டேன். அவருடைய பணிப் பதிவேட்டில் அது இன்னும் அப்படியே இருக்கும், என் கையெழுத்தில்.