மின் திருக்கைக்குள் செம்புக் கம்பி கிடையாது

குளச்சல், முட்டம் பக்கம் வாட்ஸ்அப்பில், தொட்டால் ஷாக் அடிக்கும் மின் திருக்கை மீனைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: “மின்சார மீனின் உடம்பில் செம்பு போன்ற உலோக நார் ஓடுகிறது, கரண்ட் அதன் வழியாகத்தான் வருகிறது, தின்றால் விஷம்.” இது தவறு.

நார் இருப்பது நிஜம். ஆனால் அது உலோகமல்ல, டெஸ்மின் என்ற புரதம். நம் தசையிலும் இருப்பதுதான். ஓர் இழை சுமார் 10 நானோமீட்டர் பருமன். செல்லின் வடிவம் குலையாமல் தாங்குவது அதன் வேலை, மின்சாரம் கடத்துவதல்ல. மின்சாரம் உண்டாக்கும் இந்த மின் செல்கள் தசையிலிருந்து உருமாறி வந்தவை. சுருங்கும் திறன் போனாலும் டெஸ்மின் மிஞ்சியிருக்கிறது.

அப்போ கரண்ட்? மின் செல்லின் ஒரு பக்கமாக சோடியம் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) பாய்ந்து உள்ளே வருகின்றன. ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 0.1 வோல்ட்தான். டார்ச்சில் பேட்டரி போடுவதுபோல் வரிசையாக அடுக்கினால் கூடிவிடும். மின் திருக்கையின் தலைக்கு இருபுறமும் தோலை உரித்தால் தேனடை மாதிரி அறுகோணத் தூண்கள் தெரியும், கூழ் போல வழவழவென்று. அங்கே எந்தக் கம்பியும் இல்லை.

செய்தியோடு வரும் படம் தென் அமெரிக்காவின் மின் விலாங்கு. நம் கடலில் அது கிடையாது. சரி, உயிருள்ள மின் திருக்கை வலையில் வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அதிர்ச்சி நிஜம்தான்.